வேலை செய்துகொண்டிருந்த மூன்று கணினிகள்

எங்கள் அலுவலகத்தில் எல்லாருடைய பயனர் கணக்கும் ஒரே இடத்தில், ஓப்பன்எல்டாப் டைரக்டரி சர்வரில் இருக்கிறது. காலையில் டெஸ்க்டாப்பில் நுழைவது, உள் விக்கி, கோப்புச் சர்வர், விடுப்பு கேட்கும் ஜாவா செயலி, ஸ்கேன் செய்த தாளை மின்னஞ்சலில் அனுப்பும் நகல் எந்திரம், எல்லாம் அதனிடம்தான் வந்து கேட்கும். அது டெபியன் 10 ஓடிய ‘வைகை’ என்ற பழைய எந்திரத்தில் இருந்தது. (எங்கள் சர்வர்களுக்கு ஆற்றுப் பெயர்கள்தான்.) ஒரு சனிக்கிழமை அதை டெபியன் 12 போட்ட ‘பொருநை’க்கு மாற்றினேன். ஓப்பன்எல்டாப் 2.4-இலிருந்து 2.5-க்குப் போகும்போது பழைய எச்டிபி தரவுத்தள வகை கிடையாது என்பதால் எம்டிபி-க்கு மாற்ற வேண்டியிருந்தது. ஸ்லாப்கேட் கொண்டு தரவை இறக்கி, ஸ்லாப்ஆட் கொண்டு ஏற்றியதில் அதுவும் மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

சர்வர் தன்னை யாரென்று நிரூபிக்கும் சான்றிதழ் மட்டும் புதிதாகப் போட்டேன். எங்களுக்கென்று சொந்தமாக ஒரு சிஏ, அதாவது சான்றிதழில் கையெழுத்திடும் அமைப்பு, வைத்திருக்கிறோம். வைகையின் சான்றிதழில் ரூட் சாவியே நேரடியாகக் கையெழுத்திட்டிருந்தது. அது பாதுகாப்பான பழக்கம் அல்ல என்று ரூட் சாவியை நெட்வொர்க்கிலிருந்து எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுப் பூட்டி வைத்துவிட்டு, அன்றாடக் கையெழுத்துக்கு ஓர் இடைநிலை சிஏ-வை உருவாக்கியிருந்தோம். பொருநையின் சான்றிதழ் இடைநிலைச் சாவியால் கையெழுத்தானது. சர்வரிலேயே உட்கார்ந்து லோக்கல்ஹோஸ்ட் (இந்த எந்திரமே) என்ற பெயரில் எல்டாப்சர்ச் என்ற தேடல் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. டிஎன்எஸ்ஸில் ‘எல்டாப்’ என்ற பொதுப்பெயரைப் பொருநை பக்கம் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு விக்கியில் நுழைய முடியவில்லை என்று முதல் அழைப்பு. பத்து நிமிடத்தில் விடுப்புச் செயலியும். ஆனால் டெஸ்க்டாப்பில் எல்லாரும் நுழைந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பயிற்சியாளரைத் தவிர. கோப்புச் சர்வர், இரவு பேக்கப் எடுக்கும் எந்திரம், கணக்குப் பிரிவில் ஒரு பழைய டெஸ்க்டாப், இந்த மூன்றும் எந்தச் சிக்கலும் இல்லாமல் புதிய சர்வரோடு பேசிக்கொண்டிருந்தன. சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்பதுதான் முதல் அரைமணி நேரம் என்னை அலைக்கழித்தது. அந்த மூன்றும் சரியாக இருக்கின்றன, மற்றவற்றில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கினேன். உண்மை நேர்மாறாக இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டெஸ்க்டாப் விஷயம் எளிது. அங்கே டைரக்டரியிடம் கேட்டு ஆட்களை உள்ளே விடும் எஸ்எஸ்எஸ்டி என்ற நிரல் ஓடுகிறது. சர்வரைப் பிடிக்க முடியாவிட்டால், ஏற்கெனவே ஒருமுறை வெற்றிகரமாக நுழைந்தவரின் கடவுச்சொல் ஹாஷைச் சேமித்து வைத்து அதைக் கொண்டே உள்ளே விடும். நாங்கள் அந்த வசதியை இயக்கி வைத்திருக்கிறோம். அதற்குக் காலக்கெடுவும் தானாக வராது, நாம்தான் வைக்க வேண்டும். ஆக, கணக்குப் பிரிவின் அந்த ஒன்றைத் தவிர எல்லா டெஸ்க்டாப்பும் உண்மையில் இணைப்பு அறுந்துதான் இருந்தன. பயிற்சியாளருக்குச் சேமிப்பு எதுவும் இல்லாததால் அவர் ஒருவருக்கு மட்டும் உண்மை நிலவரம் தெரிந்தது. எஸ்எஸ்எஸ்சிடிஎல் கட்டளையில் டொமைன் நிலையைக் கேட்டால் ‘ஆஃப்லைன்’ என்று சொல்லிவிடும். சர்வர் மாற்றியதும் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

விக்கி ஓடும் எந்திரத்துக்குப் போய் எல்டாப்சர்ச் ஓட்டினேன். கிடைத்த செய்தி ‘கான்ட் கான்டாக்ட் எல்டாப் சர்வர் (-1)’. சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றுதான் இதைப் படிப்போம். நெட்வொர்க், ஃபயர்வால் என்று மனம் ஓடும். நானும் ஓடினேன். பிங் போகிறது. குறியாக்க எல்டாப்புக்கான 636 போர்ட் திறந்திருக்கிறது. பொருநையில் ஸ்லாப்டி (ஓப்பன்எல்டாப்பின் சர்வர் நிரல்) பதிவைப் பார்த்தால் இணைப்பு வந்து சேர்வதும், உடனே ‘டிஎல்எஸ் நெகோஷியேஷன் ஃபெயிலியர்’ என்று மூடப்படுவதும் வரிசையாகத் தெரிகிறது. நெட்வொர்க் வழி சரியாகத்தான் இருந்திருக்கிறது. குறியாக்க இணைப்பைத் தொடங்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலில் கிளையண்ட் சர்வரை நம்ப மறுத்தாலும் 636-இல் இதே -1 செய்திதான் வரும். சாதாரண 389 போர்ட்டில் இணைந்து பிறகு டிஎல்எஸ்ஸுக்கு மாறும் ஸ்டார்ட்டிஎல்எஸ் வழியாகப் போனால் ‘கனெக்ட் எரர் (-11)’ வரும். இந்த இரண்டு எண்ணையும் கண்டால் கேபிளைத் தொடுவதற்கு முன்னால் சான்றிதழைப் பார்ப்பது நல்லது.

அப்புறம் ‘-டி 1’ சேர்த்து மறுபடி ஓட்டினேன். திரை நிறைய வரிகள் ஓடி, நடுவில் தேடியது இருந்தது: ‘பியர் செர்ட் அன்ட்ரஸ்டட் ஆர் ரிவோக்ட் (0எக்ஸ்42)’.

‘ரிவோக்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் சான்றிதழை யாரோ ரத்து செய்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். விடை அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணில் இருக்கிறது. டெபியன் 12-இல் எல்டாப் நூலகம் ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு அல்ல, க்னூடிஎல்எஸ்ஸோடு கட்டப்பட்டது. இந்த எண் க்னூடிஎல்எஸ் தருவது. பல கொடிகளை, அதாவது ஒவ்வொரு குறைக்கும் உள்ள எண்ணை, கூட்டிப் பதினாறடிமான எண்ணாகச் சொல்கிறது. 42 என்பது 40-உம் 2-உம். 2 என்றால் ‘சான்றிதழ் செல்லாது’ என்ற பொதுக்கொடி, எந்தக் குறையோடும் சேர்ந்தே வரும். 40 என்றால் ‘கையெழுத்திட்டவர் யாரென்று தெரியவில்லை’. உண்மையிலேயே ரத்தாகியிருந்தால் 22 வந்திருக்கும். காலாவதி என்றால் 402. செல்லுபடியாகும் தேதி இன்னும் தொடங்கவில்லை என்றால் 202. மதர்போர்டு பேட்டரி செத்துக் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விட்ட எந்திரத்தில் இதுதான் வரும். கையெழுத்திட்டது சிஏ-வே அல்ல என்றால் 82. பலவீனமான கையெழுத்து முறை என்றால் 102. இந்த ஐந்தாறு எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன்.

எங்களுக்கு வந்தது 42. கையெழுத்திட்டவர் இடைநிலை சிஏ. கிளையண்ட் எந்திரங்களில் இருப்பது ரூட் சான்றிதழ் மட்டும். ரூட்டுக்கும் சர்வர் சான்றிதழுக்கும் நடுவே இருக்கும் கண்ணியைக் கைகுலுக்கும்போது சர்வர்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கிறதா என்று பார்க்க ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையண்ட் கட்டளையை ‘-ஷோசெர்ட்ஸ்’ சேர்த்து 636-க்கு ஓட்டினேன். ஒரே ஒரு சான்றிதழ்தான் வந்தது. கூடவே பிழை 20, உள்ளூரில் வழங்குநர் சான்றிதழ் கிடைக்கவில்லை. பிழை 21, முதல் சான்றிதழையே சரிபார்க்க முடியவில்லை. இந்த 20, 21 ஜோடி வந்து, பட்டியலில் ஒரே சான்றிதழ் இருந்தால் இடைநிலை விடுபட்டிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

அப்படியானால் சனிக்கிழமை சர்வரில் ஏன் சரியாக வந்தது? பொருநையைத் தயார்செய்யும்போது ரூட், இடைநிலை இரண்டையும் அதன் நம்பிக்கைக் களஞ்சியத்தில் நானே சேர்த்திருந்தேன். அதனால் சர்வர் தராவிட்டாலும் அந்த எந்திரத்துக்கு மட்டும் சங்கிலி முழுமையாகத் தெரிந்தது. சர்வர் சான்றிதழைச் சர்வரிலேயே சோதிப்பதில் இருக்கும் முதல் ஏமாற்று இது. இரண்டாவது ஒன்றும் இருந்தது, அது பிற்பகலில் தெரிந்தது.

திருத்துவது சுலபம். சான்றிதழ்க் கோப்பில் முதலில் சர்வர் சான்றிதழ், அதன் கீழே இடைநிலை, இந்த வரிசையில் ஒட்டினேன். வரிசை மாறக் கூடாது. ரூட்டை அனுப்பத் தேவையில்லை. அதை நம்புவதா வேண்டாமா என்பதைக் கிளையண்ட் தன்னிடம் இருப்பதை வைத்துத்தான் முடிவு செய்யும். பிறகு ஸ்லாப்டியை ரீஸ்டார்ட் செய்தேன். கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது, ஸ்லாப்டி சான்றிதழைத் தொடங்கும்போது படித்து நினைவில் வைத்துக்கொண்டதையே தொடர்ந்து கொடுக்கும். மறுபடி எஸ்-கிளையண்ட் ஓட்டினேன். இரண்டு சான்றிதழ்கள், கடைசியில் ‘வெரிஃபை ரிட்டர்ன் கோட்: 0’. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

விக்கி இன்னும் நுழைய விடவில்லை. மறுபடி ‘-டி 1’. இந்த முறை 42 இல்லை. ‘எல்டாப்’ என்ற ஹோஸ்ட்நேம் சான்றிதழில் உள்ள ‘பொருநை’ என்ற காமன் நேமோடு பொருந்தவில்லை என்று வந்தது.

எஸ்-கிளையண்ட் 0 என்று சொன்ன பிறகு இது எப்படி? எஸ்-கிளையண்ட் நாம் கேட்காத வரை பெயரைச் சரிபார்ப்பதில்லை. ‘-வெரிஃபை_ஹோஸ்ட்நேம்’ என்று சேர்த்து, கிளையண்ட்கள் பயன்படுத்தும் அதே பெயரைக் கொடுத்தால்தான் பார்க்கும். சேர்த்துப் பார்த்தேன், உடனே பிழை 62, பெயர் பொருந்தவில்லை. அன்றிலிருந்து இந்தச் சேர்க்கை இல்லாமல் அந்தக் கட்டளையை நான் ஓட்டுவதில்லை.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ‘எல்டாப்’ என்பது டிஎன்எஸ்ஸில் பொருநைக்கான சிநேம், அதாவது மாற்றுப்பெயர், தானே, அது பொருநையைத்தானே காட்டுகிறது என்று கேட்பார்கள். சான்றிதழ் ஒப்பீட்டில் டிஎன்எஸ் சொன்னதற்கு மதிப்பில்லை. கிளையண்டின் கான்ஃபிக்கில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறதோ அதே பெயர் சான்றிதழில் இருக்க வேண்டும். டிஎன்எஸ் பதிலை யாராலும் மாற்றிக் கொடுக்க முடியும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடே.

சர்வரில் சோதித்தபோது ஏமாந்த இரண்டாவது இடம் இதுதான். லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் எல்டாப் நூலகம் அந்தச் சொல்லை ஒப்பிடுவதில்லை. அந்த எந்திரத்தின் சொந்தப் பெயரை எடுத்து ஒப்பிடுகிறது. சொந்தப் பெயர் பொருநை, சான்றிதழிலும் பொருநை. பொருந்திவிட்டது.

எனவே புதிய சான்றிதழ் எடுக்க வேண்டும். பொருநை, எல்டாப், ஒரு மாதத்துக்காவது வைகை, மூன்றும் முழுப் பெயராக மாற்றுப்பெயர்ப் பட்டியலில், அதாவது எஸ்ஏஎன்னில் வர வேண்டும். நகல் எந்திரத்தின் அமைப்புப் பக்கத்தில் பெயர் போட்டால் ஏற்கவில்லை, ஐபி முகவரிதான் போட்டிருந்தது, அதையும் சேர்த்தேன். முகவரியை ‘டிஎன்எஸ்’ வகையில் எழுதினால் செல்லாது, ‘ஐபி’ வகையில் தனியாக எழுத வேண்டும். நான்கையும் போட்டுக் கோரிக்கை உருவாக்கி, இடைநிலைச் சாவியால் கையெழுத்திட்டு, திறந்து பார்த்தால் எஸ்ஏஎன் பகுதியே இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எக்ஸ்509 கட்டளை கோரிக்கையில் இருக்கும் நீட்சிகளைத் தானாகச் சான்றிதழுக்குக் கொண்டுபோகாது. 3.0 பதிப்பிலிருந்து ‘-காப்பி_எக்ஸ்டென்ஷன்ஸ் காப்பி’ என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன்னால் நீட்சிகளைத் தனிக் கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது கையெழுத்தில் நான்கு பெயரும் வந்தன. கையெழுத்திட்ட எதையும் சர்வரில் வைப்பதற்கு முன்னால் ‘-டெக்ஸ்ட்’ போட்டு முழுதாகப் படிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

புதிய சாவி, புதிய சான்றிதழ். இவற்றின் பாதையை ஸ்லாப்டியின் கான்ஃபிக் மரத்தில் எல்டாப்மாடிஃபை கொண்டு மாற்றப் போனால் பிழை 80: ‘அதர்’. அதாவது, வேறு ஏதோ. எல்டாப் பிழைகளிலேயே உதவாத பிழை இதுதான். எனக்கு அன்று இரண்டு காரணம் சேர்ந்து வந்தன. சான்றிதழ்ப் பாதையை மட்டும் முதலில் மாற்றினேன். அந்த நொடியில் பழைய சாவியும் புதிய சான்றிதழும் ஜோடி சேராததால் மறுத்துவிட்டது. இரண்டு மாற்றத்தையும் ஒரே எல்டிஃப் கோப்பில், நடுவில் ஒற்றைக் கோடு இட்டு, ஒரே மாற்றமாக அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பியும் 80 வந்தது. டெபியனில் ஸ்லாப்டி ரூட் என்ற நிர்வாகிப் பயனராக ஓடுவதில்லை, ‘ஓப்பன்எல்டாப்’ என்ற பயனராக ஓடுகிறது. சாவிக் கோப்பை அந்தப் பயனரால் படிக்க முடியவில்லை. கோப்பின் குழுவை மாற்றி 0640 கொடுத்தேன். அப்போதும் வராததற்குக் காரணம் அதற்கு மேலே இருந்த ப்ரைவேட் அடைவு. அதற்குள் நுழையவே ‘எஸ்எஸ்எல்-செர்ட்’ குழுவில் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பிறகும் ஸ்லாப்டியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் புது உறுப்பினர் உரிமை அதற்குத் தெரியும். ஓப்பன்எல்டாப் பயனராக மாறி அந்தக் கோப்பைக் கேட் செய்து பார்த்திருந்தால் இதெல்லாம் ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

மூன்று மணிக்கு விக்கி திறந்தது. விக்கி ஓடும் பிஎச்பி ஒருமுறை படித்த எல்டாப் அமைப்பை அந்த ப்ராசஸ் முடியும்வரை வைத்திருக்கும் என்பதால் அதை ஓட்டும் எஃப்பிஎம்-ஐயும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. டெஸ்க்டாப்கள் ஒவ்வொன்றாக ‘ஆன்லைன்’ ஆயின. பயிற்சியாளர் நுழைந்தார். ஜாவா செயலி மட்டும் தனி உலகம்: அது இயங்குதளத்தின் சான்றிதழ்களைப் பார்ப்பதில்லை, தன் சொந்தக் கீஸ்டோரைத்தான் பார்க்கும். அதில் எங்கள் பழைய ரூட் இருந்ததால் சங்கிலிச் சிக்கல் தானாகத் தீர்ந்திருந்தது. பெயர்ச் சரிபார்ப்பை எல்டாப்ஸ் இணைப்புகளுக்கு ஜாவா 8-இன் 181-வது அப்டேட்டிலேயே, 2018-இல், இயல்பாக இயக்கிவிட்டார்கள். புது சான்றிதழில் பெயர் சரியாக இருந்ததால் அதுவும் ஓடியது. அதை அணைக்க ஒரு சிஸ்டம் ப்ராபர்ட்டி உண்டு. பழைய செயலிகளின் தொடக்க ஸ்கிரிப்டில் அது ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்த மூன்று எந்திரங்கள். காலையில் சங்கிலியும் அறுந்து, பெயரும் பொருந்தாமல் இருந்தபோது அவை எப்படிப் பேசிக்கொண்டிருந்தன? கோப்புச் சர்வரில் எல்டாப்.கான்ஃப் கோப்பைத் திறந்தேன். ‘டிஎல்எஸ்_ரெக்செர்ட் நெவர்’. அதற்கு மேல் வரியில் ‘தற்காலிகம், பிறகு எடுக்கணும்’ என்று ஒரு குறிப்பு. பேக்கப் எந்திரத்திலும் அதே வரி. கணக்குப் பிரிவு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்எஸ்டி அமைப்பில் அதே ‘நெவர்’.

நெவர் என்றால் சான்றிதழைப் பார்க்கவே வேண்டாம் என்று பொருள். எல்டாப்பில் நாம் அதிகம் பயன்படுத்தும் நுழைவு முறையான சிம்பிள் பைண்ட் கடவுச்சொல்லை அப்படியே, ஹாஷ் எதுவும் செய்யாமல் சர்வருக்கு அனுப்புகிறது. அதைக் காப்பது வெளியே சுற்றியிருக்கும் டிஎல்எஸ் மட்டும்தான். சரிபார்ப்பை அணைத்துவிட்டால் குறியாக்கம் இருக்கும், ஆனால் யாரோடு குறியாக்கம் என்பது தெரியாது. அலுவலக நெட்வொர்க்கில் ஒரு லேப்டாப்பைச் செருகி ‘எல்டாப்’ முகவரி நான்தான் என்று ஒருவர் ஏஆர்பி-யில் (எந்த ஐபி எந்த எந்திரத்துடையது என்று நெட்வொர்க்கில் சொல்லும் முறை) சொன்னால், அந்த மூன்று எந்திரங்களும் அவர் காட்டும் எந்தச் சான்றிதழையும் ஏற்றுக் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கும். அன்று காலை மற்ற எந்திரங்கள் முறிந்ததற்குக் காரணம், அவை செய்ய வேண்டிய வேலையைச் செய்ததுதான். எத்தனை ஆண்டுகளாக அந்த வரி அங்கே இருந்தது என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது.

‘அல்லோ’ என்று இன்னொரு மதிப்பு உண்டு, நெவரைவிட நல்லது போலத் தோன்றும். அதுவும் தவறான சான்றிதழைக் கண்டுகொள்ளாமல் மேலே போகும். கிளையண்ட் பக்கம் இரண்டுக்கும் பாதுகாப்பில் வித்தியாசமில்லை. எதுவும் எழுதாமல் விட்டால் வரும் ‘டிமாண்ட்’ தான் சரி. பிழை எங்கே என்று பிரித்தறிய சரிபார்ப்பை ஒரு நொடி அணைத்துப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், ‘எல்டாப்டிஎல்எஸ்_ரெக்செர்ட்’ என்ற சூழல் மாறியை அந்த ஒரு கட்டளைக்கு முன்னால் மட்டும் கொடுங்கள், கடவுச்சொல் இல்லாத அனாமதேயத் தேடலோடு. கோப்பில் எழுதாதீர்கள். கோப்பு என்றால் பொதுக் கோப்பு மட்டுமல்ல, ஹோம் அடைவில் இருக்கும் எல்டாப்ஆர்சி, நிற்கும் அடைவில் இருக்கும் எல்டாப்ஆர்சி இரண்டையும் அந்த நூலகம் படிக்கும். எல்லா எந்திரத்திலும் க்ரெப் போட்டுத் தேடியதில் ஒரு ஹோம் அடைவில் நான்காவது ‘நெவர்’ கிடைத்தது.

நான்கையும் எடுத்தேன். கோப்புச் சர்வரும் பேக்கப்பும் டைரக்டரியைப் படிக்கப் பயன்படுத்திய சேவைக் கணக்குகளின் கடவுச்சொல்லை அன்று மாலையே மாற்றினேன். கணக்குப் பிரிவு டெஸ்க்டாப்பைப் பயன்படுத்தும் இருவரிடமும் காரணத்தை விளக்கி, அவர்கள் கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னேன். பழைய ஸ்கிரிப்டுகளில் ஒற்றை ‘-இசட்’ போட்டிருந்ததை இரட்டையாக்கினேன். ஒற்றை என்றால் டிஎல்எஸ் அமையாவிட்டாலும் தொடரப் பார்க்கும், இரட்டை என்றால் அங்கேயே நின்றுவிடும். சர்வர் பக்கம் குறியாக்கம் இல்லாத சிம்பிள் பைண்டை மறுக்கும்படி அமைத்தேன். இதனால் ஒரு தவறான கிளையண்ட் உடனே வெளியே தெரியும். அது மறுக்கும் நேரத்தில் கடவுச்சொல் ஏற்கெனவே வயரில் வந்துவிட்டிருக்கும் என்பதால் கிளையண்டைத் திருத்துவதற்கு இது மாற்று அல்ல.

கடைசியாகக் கண்காணிப்பு எந்திரத்தில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்தேன். அதில் ரூட் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது, இடைநிலையை வேண்டுமென்றே போடவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு 636-க்கு இணைந்து, ‘எல்டாப்’ என்ற பெயருக்குச் சங்கிலியும் பெயரும் பொருந்துகிறதா என்று ஒருமுறை ஓப்பன்எஸ்எஸ்எல்லாலும் ஒருமுறை க்னூடிஎல்எஸ்ஸாலும் பார்க்கும். இரண்டும் ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை: 2020 மே 30 அன்று ஆட்டிரஸ்ட் ரூட் காலாவதியானபோது புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் மாற்று வழியைக் கண்டுபிடித்துப் போய்விட்டது, க்னூடிஎல்எஸ்ஸும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0 வரிசையும் முறிந்தன. பிறகு வந்த சான்றிதழை ‘-செக்எண்ட் 1209600’ கொண்டு சோதிக்கும், 14 நாளுக்கான விநாடிகள் அவை. வட்டில் இருக்கும் கோப்பை அது தொடுவதே இல்லை, ஸ்லாப்டி வயரில் கொடுப்பதைத்தான் பார்க்கிறது. ஸ்கிரிப்ட் உண்மையில் கத்துகிறதா என்று பார்க்க, சோதனைச் சர்வர் ஒன்றில் இடைநிலையை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஓப்பன்எஸ்எஸ்எல் பக்கம் 21 என்றது. க்னூடிஎல்எஸ் பக்கமும் வழங்குநர் தெரியவில்லை என்றது. இரண்டு மின்னஞ்சலும் வந்து சேர்ந்தன.